மூன்றாம் வளைவில் நான் கண்டது

தம்பி,

பெற்ற பிள்ளை என்று இதை உனக்கு மட்டும் அனுப்பத்தான் முதலில் நினைத்தேன். ஆனால் உனக்கு மட்டும் அனுப்பியவற்றுக்கு, இந்த இரண்டு வருடத்தில், கட்டைவிரல் படம் ஒன்றைத் தவிர வேறு பதில் வந்ததாக எனக்கு நினைவில்லை. போன கிழமை, "தலைப்பாகைக்கு அளவு கேட்கிறார்கள், உன் தலைச் சுற்றளவு என்ன?" என்று கேட்டதற்கும் கட்டைவிரல்தான் வந்தது. அதையே கடைக்காரரிடம் காட்டினேன். நல்ல மனிதர், உத்தேசமாக வெட்டுவதாகச் சொன்னார். இன்னொரு காரணமும் உண்டு. நீ செய்த காரியத்தைப் பகிரங்கமாகச் செய்தாய். முப்பத்திரண்டு பேர் வாசிக்கும் உன் இணைய அறிவித்தல் பலகையில் ஒருவனுடைய பெயரை எழுதி, அதன் கீழே "தகுதி நீக்கம்: மிதவையை உட்புறமாக வெட்டி ஏமாற்றியமை" என்று போட்டாய். பகிரங்கமாகப் போட்டதைக் குசினிக்குள் கதைத்துத் தீர்க்கலாம் என்று ஒன்பது நாள் முயன்று பார்த்தேன். தீரவில்லை. ஆகவே இந்த ஞாயிற்றுப் பத்திரிகைக்கு எழுதுகிறேன். ஆசிரியர் தொலைபேசியில், "கலியாணத்துக்கு முன்னம் வரவேணும் எண்டுறீங்கள், வாழ்த்தோ ரீச்சர்?" என்று கேட்டார். ஒருவகையில் ஓம் என்றேன். இதில் வருகிறவர்களிடம் சொல்லி, பெயரைப் போடச் சம்மதம் வாங்கியிருக்கிறேன். உன்னிடம் வாங்கவில்லை, உன் பெயரைப் போடவும் இல்லை.

நடந்தது உனக்குத் தெரியும். மற்றவர்களுக்குத் தெரியாது, ஆகையால் கொஞ்சம் பொறு. நீ விளையாடும் அந்த விளையாட்டில் ஒரு பெரிய கடல் இருக்கிறது. பல நாடுகளிலிருந்து ஆட்கள் இணையத்தின் வழியே அதற்குள் வந்து பாய்த்தோணி ஓட்டுகிறார்கள், மீன் பிடிக்கிறார்கள், ஒருவரையொருவர் கொள்ளையடிக்கிறார்கள். யன்னலைத் திறந்தால் உண்மையான துறைமுகம் தெரிகிற வீட்டில், வெளிச்சம் திரையில் படுகிறது என்று யன்னலைச் சாத்திவிட்டு, நீ அந்தக் கடலில் தோணி ஓட்டத் தொடங்கி ஆறு வருடமாகிறது. அதைக் குறையாகச் சொல்லவில்லை. அந்த விளையாட்டைச் செய்தவர்கள் அதில் ஓட்டப்போட்டி என்று எதையும் வைக்கவில்லை. விளையாடுகிறவர்களே கூடி வைத்துக்கொண்டார்கள். நீ ஓடிய முதல் போட்டியில், முதலாவதாக வந்தவனை மற்றவர்கள் பீரங்கியால் சுட்டு மூழ்கடித்துவிட்டு, இரண்டாவதாக வந்தவனை வெற்றியாளனாக அறிவித்தார்களாம். அன்று பின்னேரம் நீ தேநீரைத் தொடவில்லை. "அம்மா, இதுக்கு ஒரு ஒழுங்கு வேணும்" என்றாய். ஒழுங்கு தேவைப்படும் இடங்கள் பலவற்றை அதற்கு முன்பும் உனக்குக் காட்டியிருக்கிறேன், உன் அலுமாரி உட்பட. நீ இதைத் தெரிந்தெடுத்தாய்.

ஒழுங்கு வந்தது. முதலில் அரைப் பக்கமாக வந்தது. இப்போது நாற்பத்துமூன்று விதிகளாக நிற்கிறது. எல்லாத் தோணிகளும் ஒரே அளவாக இருக்க வேண்டும், சாமான் இறக்கியிருக்க வேண்டும், பீரங்கி கழற்றியிருக்க வேண்டும். ஒவ்வொரு வளைவிலும் மிதவையாக ஒரு பீப்பா கட்டியிருக்கும். அதன் வெளிப்புறமாகச் சுற்றிப் போக வேண்டும். உள்ளால் வெட்டுகிறவர் நீக்கப்படுவார். இதைப் பார்ப்பதற்கு வளைவுக்கு ஒருவர் நிற்க வேண்டும். அவர் ஓடுகிறவர்களில் எவரோடும் பழக்கமில்லாதவராக இருக்க வேண்டும். அப்படி ஆள் கிடைக்கவில்லை. அந்தக் கடலில் ஒவ்வொருவரும் மற்றவருக்கு நண்பர், அல்லது அவரிடம் கொள்ளை கொடுத்தவர். ஒருநாள் நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருக்கும்போது குசினி வாசலில் வந்து நின்றாய்.

"அம்மா, நீங்கள் எத்தினை வருசம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டிக்கு நடுவரா நிண்டனீங்கள்?"

"இருபத்திரண்டு. ஏன்?"

"இந்த ஓடுற ஆக்களில ஒருத்தரையும் உங்களுக்குத் தெரியாதுதானே?"

"உன்னைத் தவிர ஒருத்தரையும் தெரியாது. உன்னையும் எவ்வளவு தெரியும் எண்டு சொல்லேலாது."

"அப்ப நீங்கள்தான் சரி."

இப்படியாக, ஓய்வுபெற்ற கணித ஆசிரியை ஒருத்தி, தாடி வைத்து ஒரு கண்ணில் கறுப்புத் துணி கட்டிய கடற்கொள்ளையனாக மூன்றாம் வளைவுப் பாறையில் ஏறி நின்றாள். ஒற்றைக் கண் நடுவரை யார் நம்புவார்கள் என்று கேட்டேன். உடுப்பை மாற்றுவதென்றால் முதலில் ஒரு திமிங்கிலத்தைக் கொல்ல வேண்டும் என்றாய். நான் மச்சம் மாமிசம் தொடாதவள், தாடியோடேயே இருந்துவிட்டேன். சனிக்கிழமைகளில் பின்னேரம் நாலு மணிக்கு உன் மேசைக்குப் பக்கத்தில் எனக்கொரு கதிரை, எனக்கொரு கணினி. உங்கள் அப்பா தானே பிளேன்ரீ ஊற்றிக் குடிக்கப் பழகினார். முப்பத்திரண்டு கொள்ளைக்காரரும் என்னை "ரீச்சர்" என்று கூப்பிட்டார்கள். வகுப்பறையில்கூட அவ்வளவு மரியாதை கிடைத்ததில்லை.

உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது பிடித்திருந்தது. நீ அதை நன்றாக நடத்தினாய். உன் விதிகளில் பத்தொன்பதாவது விதியை நான் எந்தச் சட்டப் புத்தகத்திலும் வைப்பேன். இணைப்பு மந்தமானால் தோணி திரையில் நின்று நின்று துள்ளும். வளைவுக்குப் பக்கத்தில் நிற்கிறவரின் திரையில் ஒழுங்காகச் சுற்றிப் போன தோணி, தூரத்தில் இருப்பவரின் திரையில் மிதவைக்கு மேலால் பாய்ந்ததுபோலத் தெரியும். அதனால் நீ எழுதினாய்: ஐயம் வந்தால் அதன் பயன் ஓடியவருக்கு, வளைவில் நின்று கண்டவரின் சொல்லே முடிவு. மூதூரில் தொலைபேசி திருத்துகிற ஒருவருடைய தோணி அப்படித் துள்ளியபோது, ஆளாளுக்குக் கத்தினார்கள். நீ பக்கத்துக் கதிரையிலிருந்த என்னிடம் வாய் திறக்காமல், எல்லோரும் பார்க்க எழுத்தில் கேட்டாய்: "ரீச்சர், வெளியாலோ, உள்ளாலோ?" நான் "வெளியால்" என்று எழுதினேன். முடிந்தது. நோர்வேயிலிருந்து ஓடிய ஒருவருக்கும் அதே கேள்வி, அதே முடிவு. அந்தச் சனிக்கிழமைகளில் உன்னைப் பெற்றதில் எனக்குத் திருப்தி இருந்தது. இப்போதும் இருக்கிறது, கொஞ்சம் குறைவாக.

நிரோஷன் உன் போட்டியில் இரண்டாம் வருடம் சேர்ந்தவன். ஒருமுறை தனக்குத் தொடக்க நேரம் பிழையாகக் குறிக்கப்பட்டது என்று முறையிட வீட்டுக்கே வந்தான். தமக்கை தர்சினி ஸ்கூட்டரில் கொண்டுவந்து இறக்கினாள். அவன் திக்கித் திணறிக்கொண்டிருக்க, அவள் உன் விதிகளை அச்செடுத்து வைத்துக்கொண்டு, ஏழாவது விதியும் பதினோராவது விதியும் ஒன்றோடொன்று முரண்படுகின்றன என்று காட்டினாள். உன் கதை அன்றைக்கே முடிந்துவிட்டது என்று எனக்கு விளங்கியது. நீ அந்த இரண்டு விதிகளைப் பற்றி அவளோடு ஏழு மாதம் கதைத்தாய். பிறகு நாங்கள் போய்ப் பெண் கேட்டோம். போன மாதம் கலியாண எழுத்து முடிந்தது. பதிவுகாரர் புத்தகத்தை மூடிய நேரத்திலிருந்து நிரோஷன் சட்டப்படி உன் மச்சான். அந்த நேரத்திலிருந்துதான் நீ பழுதாகத் தொடங்கினாய்.

அவன் போட்டிக்கு முன்னர் "வணக்கம் அத்தான்" என்று எழுதினான். "ஓட்டுநர் இலக்கம் ஒன்பது: அமைப்பாளரை உறவுமுறை சொல்லி அழைக்கலாகாது" என்று பதில் போட்டாய். அந்த விதியை அன்று மத்தியானம்தான் எழுதினாய். நான் பார்த்துக்கொண்டிருந்தேன், உன் சோறு ஆறிக்கொண்டிருந்தது. தர்சினி வீட்டுக்குச் சாப்பிடப் போனபோது அவன் இருந்த மேசையில் இருக்காமல் அவளுடைய தகப்பனோடு முற்றத்தில் நின்று சாப்பிட்டாய். உணவைக் கையில் வைத்துக்கொண்டு நின்றவனைப் பார்த்து அவர்கள் கதிரை போதாதோ என்று அடுத்த வீட்டில் இரண்டு கடன் வாங்கினார்கள்.

நீ மேசையில் இருந்திருந்தால் அந்தப் பையனைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்கும். வயது இருபத்திரண்டு. உயர்தரப் பரீட்சை இரண்டு முறை எழுதி இரண்டு முறையும் தவறவிட்டவன். மீன்பிடித் துறைமுகத்துக்குப் பக்கத்துக் கொட்டிலில் படகு எஞ்சின் திருத்துகிறான். திருத்தினால் ஓடுகிறது என்று எல்லோரும் சொல்கிறார்கள். வீட்டில் அதை ஒரு கெட்டித்தனமாக எண்ணுவதில்லை. தகப்பன் ஓய்வுபெற்ற தலைமை எழுதுவினைஞர். மகனைப் பற்றி யாரும் கேட்டால் மகளைப் பற்றிச் சொல்லுகிற மனிதர்.

இறுதிப் போட்டி அன்று காற்று நன்றாக இருந்தது, அந்தக் கடலிலும் இந்தக் கடலிலும். இரண்டாம் வளைவு தாண்டும்போது இரண்டு பேர்தான் முன்னால். ஒன்று நிரோஷன். மற்றது பர்ஹானா. குறிஞ்சாக்கேணியில் முன்பள்ளி ஆசிரியை, இரண்டு பிள்ளைகளின் தாய், கணினி இல்லாமல் கைத்தொலைபேசியிலேயே ஓடி இரண்டு வருடம் தொடர்ந்து வென்றவள். இரண்டு தோணியும் ஒட்டிக்கொண்டு என் வளைவுக்கு வந்தன. நிரோஷன் முன்னால். மிதவையை அவன் எவ்வளவு கிட்டவாகச் சுற்றினான் என்றால், பாறையில் நின்ற என் தாடிக்காரன் பின்னால் ஓர் அடி வைத்தான். பட்டனை நான்தான் அமத்தியிருக்கிறேன். ஆனால் பார், தம்பி. நான் பாறையில். அவன் கடலில். எனக்கும் அவனுடைய தோணிக்கும் நடுவில் பீப்பா இருந்தது. முழுப் பீப்பாவும். பாறையில் நிற்கிறவளுக்கும் தோணிக்கும் நடுவில் பீப்பா இருந்தால் தோணி வெளியால் போகிறது. இதற்குக் கணிதம் படித்திருக்கத் தேவையில்லை. அரைத் தோணி நீளத்தில் அவன் வென்றான்.

நீ முடிவுக் கோட்டில் இருந்தாய். அங்கிருந்து எடுத்த உன் திரைப் பதிவில் அவனுடைய தோணி மிதவையருகில் ஒரு துள்ளல் துள்ளியது. மூதூர்க்காரருடைய தோணி துள்ளிய அதே துள்ளல். நீ இந்த முறை "ரீச்சர், வெளியாலோ, உள்ளாலோ?" என்று கேட்பாய் என்று விரலை விசைப்பலகையில் வைத்துக் காத்திருந்தேன். நீ கேட்கவில்லை. பத்து நிமிடத்தில் பலகையில் அறிவித்தல் வந்தது. நான் எழும்பிக் குசினிக்குப் போனேன். நீ பின்னால் வந்தாய், தண்ணீர் குடிக்க.

"நான் கண்ணால கண்டனான்" என்றேன்.

"அம்மா, நீங்கள் என்ர அம்மா."

"அதை இப்பத்தான் கண்டுபிடிச்சனியோ?"

"விளங்கிக் கொள்ளுங்கோ. உங்கட சொல்லை எடுத்து அவனுக்கு முதலாமிடம் குடுத்தா என்ன கதைப்பினம்? மச்சானுக்காகத் தாயைக் கொண்டு சொல்லுவிச்சான் எண்டுவினம்."

"அப்ப ஏன் என்னைக் கல்லில ஏத்தி நிப்பாட்டினனி?"

"அப்ப அவன் மச்சான் இல்லை."

"பத்தொன்பதாம் விதி எங்க போட்டுது?"

"அது மற்ற ஆக்களுக்கு, அம்மா. சொந்தக்காரன் எண்டா நாங்கள் இன்னும் இறுக்கமாத்தான் இருக்கோணும்."

இதைச் சொல்லும்போது உன் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது. அந்த வெளிச்சத்தை நான் முன்பு எங்கோ பார்த்திருக்கிறேன் என்று தோன்றியது. எங்கே என்பது பிறகுதான் நினைவுக்கு வந்தது. அதற்கு வருகிறேன்.

அடுத்த நாள் பர்ஹானா எனக்குத் தொலைபேசி எடுத்தாள். பின்னால் ஒரு பிள்ளை அழுகிறது, இன்னொரு பிள்ளை பாடுகிறது. "டீச்சர், நான் அவருக்குப் பின்னாலதான் வந்த. அவர்ர தோணி வெளியாலதான் திரும்பின. ரெண்டு கண்ணாலயும் கண்ட. எனக்கு இந்த முதலாமிடம் வேணாம், டீச்சர். ஒங்கட மகனுக்கிட்ட எழுதினன், அவரு ஏலாதெண்டுறாரு" என்றாள். நீ ஏன் ஏலாது என்றாய் என்று கேட்டேன். முறைப்பாடு போட்டி முடிந்து முப்பது நிமிடத்துக்குள் வர வேண்டுமாம். "சின்னவனுக்குச் சோறு தீத்திட்டு வாறதுக்குள்ள முப்பத்தஞ்சு நிமிசம் ஆயிட்டு" என்றாள். அதைவிட, தோற்றவர் மட்டுமே முறையிடலாம் என்றும் நீ எழுதி வைத்திருக்கிறாயாம். வென்றவர் ஒருவர் தன்னுடைய வெற்றிக்கு எதிராக முறையிட வருவார் என்பது உன் நாற்பத்துமூன்று விதிகளில் ஒன்றுக்கும் தோன்றவில்லை. முப்பது நிமிடம் என்பது யாருக்காக எழுதிய விதி? பிள்ளைக்குச் சோறு ஊட்டாதவர்களுக்காக. அதையும் ஒருமுறை யோசித்துப் பார்.

உங்கள் அப்பாவிடம் சொன்னேன். "விளையாட்டுத்தானே, விடுங்கோவன்" என்றார். அவர் ஒரு கரம் பலகை ஆட்டத்தில் கோவித்துக்கொண்டு பக்கத்து வீட்டுக்காரரோடு கதையாமல் நாலு வருடம் இருந்தவர், அதை நினைவூட்டினேன். "அது வேற. அவர் கோட்டைத் தாண்டிக் கையை வச்சவர்" என்றார், அதே சூட்டோடு. தர்சினியிடமும் கேட்டேன். உன் விதிகளில் ஓட்டை கண்டுபிடித்த பிள்ளை, இம்முறை ஒரு வார்த்தையும் உன்னிடம் பேசவில்லை. "நான் கதைச்சா, நான் சொல்லித்தான் மாத்தினவர் எண்டு ஆகிப்போடும் மாமி. அவர் தானா மாத்தோணும்" என்றாள். அவள் அதைச் சொன்ன விதத்தில் கோபம் இல்லை. அதுதான் எனக்குப் பயத்தைத் தந்தது. கலியாணத்துக்கு முன்னரே உன்னை இப்படித் தள்ளி நின்று பார்க்கத் தொடங்கிவிட்டாள்.

இப்போது அந்த வெளிச்சத்துக்கு வருகிறேன். நீ எட்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி, இருநூறு மீற்றர் ஓட்டம். முடிவுக் கோட்டில் ஓர் இடத்துக்கு ஓர் ஆசிரியர் நிற்பார். முதலாவதாக வருகிறவனை ஒருவர் பிடிப்பார், இரண்டாவதாக வருகிறவனை இன்னொருவர். இரண்டாமிடம் என்னுடையது. முதலாவது பையன் வெகு தூரம் முன்னால் வந்துவிட்டான். அவனுக்குப் பின்னால் நீயும் நீல இல்லத்துப் பையன் ஒருவனும். உன்னுடைய நெஞ்சுதான் முந்தியது. ஒரு சாண் இருக்கும். நான் கண்டேன். சந்தோஷப்படுவதற்கு முன்னரே, கூடாரத்துக்குள் இருக்கிற மற்ற ஆசிரியர்கள் என்ன சொல்வார்கள் என்ற எண்ணம் வந்துவிட்டது. என் கை நீல இல்லத்துப் பையனின் தோளில் விழுந்தது. உன்னை அடுத்த ஆசிரியர் மூன்றாவதாகப் பிடித்துக்கொண்டு போனார். வீட்டுக்கு நடந்து வரும்போது, எங்கள் ஊர்த் தெருவில் மேய்கிற மான்களை எண்ணுவது உன் வழக்கம். அன்று எண்ணவில்லை. "அம்மா, நான் கொஞ்சம் முந்தினமாதிரி இருந்தது" என்றாய். "இல்லை. அவன்தான்" என்றேன். "சரி" என்றாய். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை ஆசிரியர் அறையில் ஒருவர் எல்லோருக்கும் கேட்கச் சொன்னார்: "நேர்மை எண்டா ரீச்சரிட்டப் பழகோணும். சொந்தப் பிள்ளை எண்டும் பாக்கேல்ல." என் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்திருக்கும். வந்தது எனக்கே தெரிந்தது. நீ என் வகுப்பில் இருந்த வருடங்களில் உன் விடைத்தாளில் எப்போதும் இரண்டு புள்ளி குறைத்தே போட்டேன். அதற்கும் அதே பாராட்டுக் கிடைத்தது. அந்தப் பாராட்டை நான் உன்னுடைய பொருளைக் கொடுத்து வாங்கினேன், தம்பி. என்னுடையது எதையும் கொடுக்கவில்லை. எனக்கு அன்று நேர்மையாக இருக்க விருப்பமில்லை. நேர்மையானவள் என்று பெயரெடுக்க விருப்பம். அந்த இரண்டையும் நான் பதினாறு வருடம் ஒன்றென்று வைத்துக்கொண்டேன். நீயும் அப்படியே படித்துவிட்டாய். நல்ல மாணவன். ஆகையால் இதை இங்கே எல்லோரும் வாசிக்க எழுதுகிறேன்: அன்று இரண்டாவதாக வந்தவன் நீ. முறைப்பாட்டுக்கான முப்பது நிமிடம் கடந்துவிட்டது என்று நீ சொல்லக்கூடும். கடந்தாலும் வந்தது நீதான்.

நேற்று நிரோஷனைப் பார்க்கப் போனேன். முச்சக்கர வண்டிக்காரர் மீன் வாங்கவோ என்று கேட்டார். எஞ்சின் பார்க்க என்றேன். கொட்டிலில் அவன் முழங்கைவரை எஞ்சினுக்குள் இருந்தான். என்னைக் கண்டதும் ஒரு பிளாஸ்ரிக் கதிரையை இழுத்து, அந்தக் கதிரையைவிட அழுக்கான துணியால் துடைத்தான். அவனுடைய முதலாளி, வாயில் வெற்றிலையோடு, "என்ன, கலியாணத்துக்குக் கிட்ட மாப்பிள்ளையின்ர தாயே வந்திட்டா. மாப்பிள்ளை ஓடிட்டாரோ?" என்றார்.

"ஓடேல்ல. விதிப்படி நிக்கிறார்" என்றேன்.

முதலாளி சிரித்துவிட்டு வெளியே போனார். நிரோஷன் சிரிக்கவில்லை. "எனக்கு அத்தானோட கோவமில்லை மாமி" என்றான்.

"பின்ன ஏன் முகத்தை இப்பிடி வச்சிருக்கிறாய்?"

கொஞ்ச நேரம் ஸ்பானரைத் துடைத்தான். "அப்பா போட்டியண்டைக்குத்தான் முதல்தரம் பக்கத்தில வந்திருந்தவர். கண்ணாடியும் போட்டுக்கொண்டு. நான் முன்னுக்கு வரேக்க 'அட' எண்டவர். அவர் எனக்கு 'அட' எண்டு சொன்னதே இல்லை, மாமி. பிறகு பலகையில வந்த எழுத்து அவருக்குச் சின்னனாப் போட்டுது. என்ன எழுதியிருக்கு, வாசி எண்டார். நான்தான் வாசிச்சுக் காட்டினனான்."

"முழுக்கவோ?"

"ஓம். ஏமாற்றியமை எண்டதையும்தான். 'இதிலயும் களவோ' எண்டிட்டு எழும்பிப் போட்டார்."

நீ கெட்டவனில்லை, நேர்மைக்குப் பெயர் எடுக்கப் போயிருக்கிறாய் என்று சொல்லவோ? கலியாணத்தன்று தோழனாக வருவானோ என்று மட்டும் அவனிடம் கேட்டேன். எங்கள் வழக்கத்தில் பெண்ணின் தம்பிதான் மாப்பிள்ளைக்குத் தோழன் என்பது உனக்குத் தெரியும். வாசலில் வைத்து உன் காலைக் கழுவி உள்ளே அழைத்துப்போவது அவன்தான். வேறு யாரையாவது பிடிக்க வேண்டிவருமோ என்று ஒன்பது நாளாகச் சொந்தத்துப் பையன்களை எண்ணிக்கொண்டிருந்தேன்.

"வாறன் மாமி. அக்காவின்ர கலியாணம். கால் கழுவுறன். நல்லாத்தான் கழுவுவன்." பிறகு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தான். "நான் வெட்டேல்ல எண்டு அத்தானுக்குத் தெரியும். கழுவேக்க என்ர முகத்தை ஒருக்காப் பாக்கச் சொல்லுங்கோ. வேற ஒண்டும் வேண்டாம்."

தம்பி, இது அச்சாகி வரும்போது கலியாணத்துக்கு இன்னும் ஐந்து நாள் இருக்கும். முந்நூறு பேருக்கு முன்னால் ஒருவன் செம்புத் தண்ணீரோடு உன் காலடியில் குனிவான். நீ அவன் முகத்தைப் பார்ப்பாயா, செம்பைப் பார்ப்பாயா என்று எனக்குத் தெரியவில்லை. பார்க்கக்கூடிய ஒருவனாக அங்கே போய் நில். அதற்கு நீ செய்ய வேண்டியது ஒரு வரி எழுதுவது. அதையும் நானே எழுதித் தருகிறேன், உனக்கு எழுத வராது என்பதற்காக அல்ல, நீ எழுதினால் அதற்கு நாலு உபவிதி முளைக்கும் என்பதற்காக: "இறுதிப் போட்டியில் முதலாமிடம் நிரோஷன், இரண்டாமிடம் பர்ஹானா. ஏமாற்று நடக்கவில்லை. தவறு அமைப்பாளருடையது." மச்சானுக்காக மாற்றினான் என்று கதைப்பார்கள். ஓம், கதைப்பார்கள். கலியாணம் கிட்டவந்ததும் பயந்துவிட்டான் என்பார்கள், தாய் பத்திரிகையில் எழுதி வெருட்டினாள் என்பார்கள், பிந்தியது பொய்யுமில்லை. உன் போட்டியை விட்டு அஞ்சாறு பேர் போகவும் கூடும். போகட்டும். உன்னுடைய பெயர் பழுதாவதற்கும் அவனுடைய பெயர் பழுதாவதற்கும் இடையில் தெரிந்தெடுக்க வேண்டிவந்தபோது, நீ அவனுடையதைக் கொடுத்தாய். இம்முறை உன்னுடையதைக் கொடு. அது உன்னுடையது, கொடுக்கலாம்.

எழுதிப் போட்ட பிறகு நிரோஷனுக்குத் தொலைபேசி எடுக்காதே. அவனுக்குப் பலகை வாசிக்கத் தெரியும். அவனுடைய தகப்பனுக்கு எடு. "மாமா, உங்கட மகன் வெட்டேல்ல. அவன்தான் வெண்டவன். நான்தான் பிழையா எழுதினனான்" என்று சொல். விளக்கம் சொல்லாதே, விதி இலக்கம் சொல்லாதே. அவர் உடனே ஒன்றும் பேசமாட்டார். இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து வைத்துவிடாதே. அவர் எழும்பிப் போய் அவனைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம் கேட்கும்வரை பிடித்துக்கொண்டு நில்.